ஒத்தக் கிடாரு... பின்னிப் பெடலெடுங்க!

உங்க பேண்ட்ல எத்தனை கிடாரிஸ்ட்? ‘ரெண்டு பேர்’னு சொல்றவங்க கொடுத்து வச்சவங்க... ஜாலியா அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. ‘நான் ஒருத்தன்தான் பாஸ்’னு பெருமூச்சு விடறவங்க மட்டும் கிட்ட வந்து உக்காருங்க. மேட்டர் உங்களுக்குத்தான்!

எனக்கு ஒரு காலேஜ் நண்பன். ஊர், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டிப் போனா வருமே, அதே பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவுல மணல்ல வீடுகள். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடற அன்னிக்கு ஊரே ஆகாசத்தைப் பார்த்து நிக்கும். போர்ச்சுக்கீசியர்கள் 1515-ல கட்டின மகிமை மாதா கோயில் இருக்கற ஏரியா. அதனால கிறிஸ்துமஸ் வந்துட்டா பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. நம்ம ஆளோட பேண்டும் கோயில் பாடகர் குழுவுல பிறந்ததுதான். ரெண்டு கிடார், ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். அவ்வளவுதான் சொத்து.

அவங்க கச்சேரியில ஹைலைட்டே முடிவுல வர்ற ஒரு பிட்டுதான். ரெண்டு கிடாரும் ஒரே மெட்டை, ஒருத்தர் மேல ஒருத்தர் கீழன்னு சேர்ந்து வாசிப்பாங்க. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ கடைசியில டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் வாசிப்பாங்களே, அந்த டைப். கேட்டா ரோமம் சிலிர்க்கும்.

ஒரு நவம்பர் மாசம். ரெண்டாவது கிடாரிஸ்டுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சு மூட்டையைக் கட்டிட்டான். மீன்பாடு குறைஞ்ச ஊர்ல வேலை கிடைச்சவனை ‘கிடாருக்காக இருடா’ன்னு யார் சொல்ல முடியும்? கிறிஸ்துமஸுக்கு அஞ்சே வாரம். நண்பன் அங்க இங்க புரட்டி, செகண்ட் ஹேண்ட்ல ஒரு மல்ட்டி எஃபெக்ட்ஸ் புராசசர் வாங்கிட்டான். ‘ஹார்மனி’ன்னு ஒரு பட்டன் இருக்கு, ஒத்த ஆள் வாசிச்சா ரெண்டு கிடார் சத்தம் வரும்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். ரெண்டு நாள் கழிச்சு எனக்கு போன்.

“மச்சான், ரெண்டாவது கிடார் வருதுடா. ஆனா ரெண்டாவது ஆள் வரலை!”

ஹார்மனைசர் வாங்கின எல்லாரும் மூணாவது நாள் சொல்ற டயலாக் இது. சத்தம் சரியா இருக்கும், ஸ்வரம் சரியா இருக்கும்... ஆனா காதை ஏமாத்த முடியாது. ஏன்?

பெட்டிக்குள்ள என்னதான் நடக்குது?

நீங்க வாசிக்கிற சத்தத்தைப் புராசசர் எண்களா மாத்துது. அதைப் பொடிப் பொடித் துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் வேகமாவோ மெதுவாவோ ஓட்டி, மறுபடியும் ஒட்டுப் போடுது. வேகம் கூடினா சுருதி ஏறும், குறைஞ்சா இறங்கும். பேட்டரி தீர்ந்த டேப்ரெக்கார்டர்ல பாடகர் குரல் அப்படியே பாதாளத்துக்குப் போகுமே... அதே வித்தைதான், கொஞ்சம் படிச்ச வித்தை. ஒட்டுப் போட்ட இடம் தெரிஞ்சா ஒரு உதறல் கேக்கும். விலை மலிவான பெட்டிகள்ல அந்த உதறல் ஜாஸ்தி.

1975-ல அமெரிக்காவோட ஈவென்டைட் கம்பெனி எச்910-னு ஒரு பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாங்க. ‘ஹார்மனைசர்’ங்கற பேரே அவங்க வச்சதுதான். அதுக்கு ஸ்கேல் எல்லாம் தெரியாது. இத்தனை படி மேலன்னா கண்ணை மூடிட்டு அத்தனை படி மேல. 80-கள் பிற்பகுதியில அவங்களோட எச்3000 வந்தப்பதான், ‘இந்த ஸ்கேல்ல இருந்து வெளிய போகாதே’ன்னு சொன்னா கேக்கற புத்தி வந்துது. ஸ்டீவ் வாய் 1990-ல போட்ட ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ ஆல்பத்துல ‘பாலரினா 12/24’னு ஒரு குட்டி ஐட்டம் இருக்கு. கேட்டுப் பாருங்க, முழுக்க முழுக்க அந்தப் பெட்டியோட விளையாட்டு. அன்னிக்கு ஸ்டுடியோக்காரங்க மட்டும் வாங்க முடிஞ்ச அந்த வித்தை, இன்னிக்கு பாஸ் பி.எஸ்-6 மாதிரி உள்ளங்கை சைஸ் பெடல்லயே கிடைக்குது.

உங்க புராசசர்லயும் இந்த ரெண்டு புத்தியும் தனித்தனியா இருக்கும். ‘பிட்ச் ஷிஃப்டர்’னா கண்மூடி வகை. ‘ஹார்மனிஸ்ட்’ இல்லேன்னா ‘இன்டெலிஜென்ட்’னு போட்டிருந்தா ஸ்கேல் தெரிஞ்ச வகை. ரெண்டாவதுதான் உசத்தின்னு நினைச்சு முதலாவதை ஒதுக்கிடாதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

கட்டை மாறினா கதை கந்தல்

இங்க என் சோகக் கதையைச் சொல்லியே ஆகணும். காலேஜ் கல்ச்சுரல்ஸ். நம்ம பாடகருக்கு அஞ்சு கட்டை, அதாவது ஜி. பெட்டியில ‘ஜி மேஜர், மேல் மூணாவது ஸ்வரம்’னு செட் பண்ணி வச்சிருந்தேன். மேடை ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி, ‘தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாம்’னு பாடகர் சொல்லிட்டார். அது ஒண்ணும் பிரமாதமில்லைன்னு ஒரு ஃப்ரெட் இறக்கி வாசிச்சேன். கை இறங்கிடுச்சு... பெட்டி இறங்கலை! அது பாட்டுக்கு ஜி மேஜர்லயே உக்காந்து ஸ்வரம் போட்டுது. நான் வாசிச்சது நாலரைக் கட்டை, எஃப் ஷார்ப். இந்த ரெண்டு ஸ்கேலுக்கும் ஏழு ஸ்வரத்துல ரெண்டுதான் பொது. மீதி அஞ்சும் பேய் மாதிரி அலறிச்சு. முன்வரிசையில இருந்த ஒரு மேடம் காதைப் பொத்தினது இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால, உங்க பாடகர் எந்தக் கட்டைன்னு எழுதி வச்சுக்குங்க. ஒரு கட்டை சி, ரெண்டு டி, மூணு இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ. நடுவுல அரைக் கட்டைகள். மெயின் கட்டைக்கு ஒரு பேட்ச், அரைக் கட்டை இறக்கி ஒண்ணு, ஏத்தி ஒண்ணு... மூணையும் பக்கத்துப் பக்கத்துல சேவ் பண்ணி வச்சுட்டா மானம் கப்பலேறாது.

வலை இழுத்த சத்தம்

நண்பன் போன் பண்ணின அந்த வார ஞாயித்துக்கிழமையே கிளம்பிப் போனேன். வீட்டுத் திண்ணையில குட்டி ஆம்ப், பெட்டி, நாங்க ரெண்டு பேர். காலையில இருந்து தலைகீழா நின்னோம். என்ன திருகினாலும் ‘கீபோர்டுல கிடார் டோன் போட்ட மாதிரி’யே இருக்கு. வெறுத்துப்போய் கடற்கரைப் பக்கம் நடந்தோம்.

அங்க பெரிய வலை இழுத்துட்டிருந்தாங்க. ஃபைபர் போட்டும் இன்ஜினும் வந்தபிறகு அம்பாப் பாட்டைக் கேக்கறதே அபூர்வமாயிடுச்சு. ஆனா கயித்தைக் கையால இழுக்கணும்னா குரல் தானா வந்துடும் போல. முன்னாடி நின்ன பெரியவர் அடி எடுத்துக் குடுக்கறார், பின்னாடி இருபது பேர் ‘ஏலேலோ’ன்னு வாங்கறாங்க. சும்மா கேட்டுட்டே நின்னோம். திடீர்னு உறைச்சுது. இருபது பேரும் ஒரே நேரத்துல பாடலை! ஒருத்தர் மூச்சு வாங்கிட்டுக் கொஞ்சம் லேட்டா சேர்றார். ஒருத்தர் சுருதியில ஒரு மயிரிழை கீழ. ஒரு பையன் குரல் கீச்சுன்னு மேல. இந்தப் பிசிறு எல்லாம் சேர்ந்துதான் அது ‘கூட்டம்’னு காதுக்குச் சொல்லுது. அந்தப் பிசிறை எடுத்துட்டா இருபது பேர் குரல், ஒருத்தர் மைக்ல கத்தற மாதிரி ஆயிடும்.

நம்ம பெட்டி பண்றது அதைத்தான். நீங்க தந்தியைத் தட்டின அதே கணம் அதுவும் தட்டுது. நீங்க அதிர்வு குடுத்தா அதே வேகத்துல அதுவும் அதிருது. நீங்க பிசகினா அதே பிசகு அங்கேயும். ரெண்டாவது கிடாரிஸ்ட் இல்லை அது... உங்க நிழல்! நிழலைப் பார்த்து யாராவது ‘ரெண்டு பேர் வர்றாங்க’ன்னு சொல்வாங்களா?

ஆக, செய்ய வேண்டியது இதுதான்: நிழலுக்குக் கொஞ்சம் கெட்ட பழக்கம் கத்துக் குடுக்கணும்.

முதல் கெட்ட பழக்கம், லேட்டா வர்றது. ஹார்மனி குரலுக்கு மட்டும் ‘டிலே’ வைக்க வழி இருந்தா 15-ல இருந்து 25 மில்லிசெகண்ட் குடுங்க. காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். அப்ப 20 மில்லிசெகண்டுங்கறது கிட்டத்தட்ட ஏழு மீட்டர். மேடையோட அந்தக் கோடியில நிக்கற ஆள்! 40-ஐத் தாண்டினா ஆள் இல்லை, எதிரொலி. உஷார்.

ரெண்டாவது, சுருதியில சின்ன சோம்பேறித்தனம். ஒரு ஃப்ரெட் தூரத்தை 100 பங்கா பிரிச்சா ஒரு பங்குக்குப் பேர் ‘சென்ட்’. ‘ஃபைன்’னு இருக்கற குமிழைத் திருகி மூணு, நாலு சென்ட் கீழ இறக்குங்க. இதுல ஒரு சுவாரஸ்யம் இருக்கு. காதுக்கு இயற்கையா இனிக்கிற அந்தர காந்தாரம், ஸாவுல இருந்து சுமார் 386 சென்ட்ல இருக்கு. கிடார் ஃப்ரெட்டும் பெட்டியும் குடுக்கறது 400. பதினாலு சென்ட் தூக்கல்! அதான் டிஸ்டார்ஷன் போட்டா மேஜர் மூணாவது ஸ்வரம் காதைக் கிள்ளுது. ‘அப்ப 14 இறக்கிடுவோம்’னு கிளம்பிடாதீங்க. சாதாரண காந்தாரத்துக்கு நிலைமை தலைகீழ், அது ஃப்ரெட்ல ஏற்கெனவே 16 சென்ட் கம்மி. ஒரே மெட்டுல ரெண்டு காந்தார இடைவெளியும் மாறி மாறி வரும்கிறதால, என் ஓட்டு அஞ்சுக்குள்ள எங்கேயாவது.

மூணாவது, ரெண்டு பேர் கிடாரும் ஒரே கிடாரா இருக்காதே? ஹார்மனி குரலோட சத்தத்தை உங்க சத்தத்துல முக்கால்வாசிக்கு இறக்குங்க. கூர்மையைக் கொஞ்சம் மழுக்குங்க. இந்த ஒரு விஷயம் மட்டும் செஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொரு தந்திரம். கூட்டத்தோட காது எப்பவும் மேல் ஸ்வரத்தைத்தான் பிடிச்சுக்கும். அதனால மேல் குரலை நீங்க வாசிங்க, கீழ் குரலைப் பெட்டிக்குக் குடுங்க. திருட்டுத்தனம் கீழ ஒளிஞ்சுக்கும். மேல் ஸ்வரத்தைப் பெட்டிகிட்ட குடுத்தா எலிக்குஞ்சுக் குரல்ல காட்டிக் குடுத்துடும்.

பிரையன் மே அண்ணன் காட்டிய வழி

இதெல்லாம் கிளீன் டோன்ல சூப்பரா வந்துது. டிஸ்டார்ஷன் போட்டதும் மறுபடி சேறு. நண்பன் முகம் வாடிப்போச்சு.

இங்கதான் ஒத்தக் கிடாரிஸ்ட்களோட குலதெய்வத்தைக் கும்பிடணும். ‘க்வீன்’ பேண்டோட பிரையன் மே. 1963-ல அப்பாவோட சேர்ந்து வீட்டுலயே கிடார் செய்ய ஆரம்பிச்ச ஆள். கழுத்துக்கு மரம், பழைய கணப்படுப்போட சட்டத்துல இருந்து! க்வீன்ல அவர் ஒருத்தர்தான் கிடாரிஸ்ட். ரெக்கார்டிங்னா ஒவ்வொரு குரலையும் தனித்தனியா வாசிச்சு அடுக்கிடுவார். மேடையில? ‘பிரைட்டன் ராக்’ (1974) பாட்டுல டேப் எக்கோ மெஷினை வச்சு, தான் வாசிச்சதையே தாமதமா திருப்பி வரவழைச்சு, அது மேலயே ஹார்மனி வாசிச்சார். முக்கியமான விஷயம் இதுதான்... திரும்பி வர்ற ஒவ்வொரு குரலுக்கும் தனி ஆம்ப் வச்சார்.

ஏன் தனி ஆம்ப்? டிஸ்டார்ஷன்ங்கறது ஒரு மிக்ஸி மாதிரி. ஒரு ஸ்வரம் போனா அரைச்சுக் குடுக்கும், சந்தோஷம். ரெண்டு ஸ்வரத்தைச் சேர்த்துப் போட்டா, அந்த ரெண்டோட கூட்டல், கழித்தல்னு நாம கேக்காத சத்தத்தையும் சேர்த்து அரைச்சுடும். 440 ஹெர்ட்ஸும் 554 ஹெர்ட்ஸும் உள்ளே போனா, 114-லயும் 994-லயும் ஏதோ ஒண்ணு முனகும். அதான் சேறு. நிஜமா ரெண்டு பேர் வாசிக்கும்போது, அவங்கவங்க டிஸ்டார்ஷன் அவங்கவங்க ஆம்ப்ல. ரெண்டும் கலக்கிறது காத்துல மட்டும்தான். 2007 மார்ச்ல பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸ்ல ‘அயன் மெய்டன்’ கேட்டவங்களுக்கு இது புரியும். மூணு கிடார், மூணு ஆள், ஒரு துளி குழப்பம் இல்லை.

உங்க பெட்டியில எஃபெக்ட்களோட வரிசையை மாத்த முடியும்னா, ஹார்மனியை டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி தள்ளுங்க. அப்ப அரைச்சு முடிச்ச ஒரு ஸ்வரத்தை எடுத்துத்தான் அது பிரதி எடுக்கும், சேறு வராது. ஸ்பீக்கர் சத்தத்தை நகல் பண்ற ‘கேபினெட்’ பகுதி தனியா இருந்தா, ஹார்மனி அதுக்கு முன்னாடி இருக்கட்டும். இல்லேன்னா ஸ்பீக்கர் பெட்டியோட குணமும் சேர்ந்து மேல ஏறி, பொம்மை ஸ்பீக்கர் மாதிரி கேக்கும். லைன் 6 ஹீலிக்ஸ் மாதிரி ரெண்டு தனிப் பாதை இருக்கற பெட்டின்னா யோகம்தான். பாதையைப் பிரிச்சு, ஒண்ணுல நீங்க, இன்னொண்ணுல ஹார்மனி, ஒவ்வொண்ணுக்கும் வேற ஆம்ப். பிரையன் மே மேடை, உங்க காலடியில!

பழவேற்காட்டு ஏரியில ‘பாடு’ முறைன்னு ஒண்ணு உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் மாதிரி ஊர்கள்ல தலைமுறை தலைமுறையா நடக்குது. எந்தக் குழு, எந்த நாள், ஏரியில எந்த இடத்துல வலை கட்டணும்னு முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஒருத்தர் இடத்துல இன்னொருத்தர் வலை போட்டா ரெண்டு பேருக்கும் நஷ்டம். நண்பனுக்கு ஈக்வலைசரை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கலை. முதல் கிடாருக்கு நடு அலைவரிசையில கொஞ்சம் மேல்பக்கம், ரெண்டாவதுக்குக் கொஞ்சம் கீழ்ப்பக்கம். அதது அதோட பாட்டுல பாடட்டும். ஸ்டீரியோ இருந்தா இடது-வலதுன்னும் பிரிக்கலாம்தான். ஆனா நம்ம ஊர் சவுண்ட் சர்வீஸ்ல பெரும்பாலும் எல்லா பாக்ஸுக்கும் ஒரே சத்தம்தான் போகும். ஹெட்போன்ல இனிச்சது மேடையில காணாமப்போயிடும். அதனால ஒத்த ஸ்பீக்கர்ல செட் பண்ணிப் பழகுங்க.

மோகனத்துல ஒரு மோசடி

நண்பனோட அந்தக் கடைசி பிட், மோகன ராகம். பெட்டியில மோகனம் இல்லை. மேஜர், மைனர், அப்புறம் வாயில நுழையாத கிரேக்கப் பேரா நாலஞ்சு. ஆனா அந்தப் பேருக்குள்ள நம்ம ஆட்கள் நிறைய பேர் ஒளிஞ்சிருக்காங்க. மேஜர்னா சங்கராபரணம். மைனர், நடபைரவி. டோரியன், கரஹரப்பிரியா. மிக்ஸோலிடியன், ஹரிகாம்போதி. லிடியன்னா நம்ம கல்யாணி! மாயாமாளவகௌளைதான் சிக்கல். ‘யூஸர் ஸ்கேல்’னு நாமே ஸ்வரம் ஸ்வரமா எழுதற வசதி இருந்தாத்தான் அது நடக்கும். அப்படி எழுதினாலும் நிஷாதத்துக்கு மேல் மூணாவது ஸ்வரம் சுத்த ரிஷபம், ரெண்டே ஃப்ரெட் தள்ளி. கேட்க கொஞ்சம் முள்ளாத்தான் இருக்கும்.

மோகனத்துக்கு மேஜர் போட்டா என்ன ஆகும்? நீங்க ரி வாசிச்சா பெட்டி ம போடும். ப வாசிச்சா நி போடும். மோகனத்துல இல்லாத ரெண்டு ஸ்வரமும் கதவைத் தட்டாம உள்ளே வந்துடும். ஒரே நிமிஷத்துல மோகனம் சங்கராபரணம் ஆயிடும்.

பேப்பர் எடுத்து எழுதிப் பார்த்தோம். மோகனத்துக்குள்ளேயே ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா... ஸ-வுக்கு க, நாலு ஃப்ரெட். ரி-க்கு ப, அஞ்சு. க-வுக்கு த, அஞ்சு. ப-வுக்கு மேல் ஸ, அஞ்சு. த-வுக்கு மேல் ரி, அதுவும் அஞ்சு! ஸ ஒண்ணைத் தவிர எல்லாமே அஞ்சு ஃப்ரெட். அப்ப எதுக்கு இன்டெலிஜென்ட்? கண்மூடி வகை பிட்ச் ஷிஃப்டர்ல ‘அஞ்சு’ வச்சுட்டு, ஸ வர்ற இடத்துல மட்டும் காலை எடுத்துட்டா வேலை முடிஞ்சுது. ஸ தனியா ஒலிச்சா அழகாத்தான் இருக்கு. மெட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி. மேல் குரலைப் பெட்டிகிட்ட குடுக்காதேன்னு நான்தானே சொன்னேன்? கரெக்ட். அதனால அவன் ஒரு எட்டு ஸ்வரம் மேல போய் வாசிக்க, பெட்டியை ‘கீழ ஏழு’ன்னு வச்சோம். பன்னிரண்டுல ஏழு போனா அஞ்சு, கணக்கு ஒண்ணுதான். மேல் குரல் மனுஷன்கிட்டயே இருந்துடுச்சு.

இதுல இன்னொரு லாபம், கமகம். ஸ்கேல் தெரிஞ்ச ஹார்மனிஸ்டுக்கு கமகம்னா அலர்ஜி. நீங்க தந்தியை வளைச்சு க-வுல இருந்து ப-வுக்கு வழுக்கிட்டுப் போனா, அது படிக்கட்டுல தடுக்கி விழற மாதிரி டொக் டொக்குன்னு தாவும். கண்மூடி ஷிஃப்டர் உங்ககூடவே வழுக்கிட்டு வரும். ஒதுக்கிடாதீங்கன்னு மேல சொன்னது இதுக்குத்தான்.

உப்புக் காத்துக்கு ஒரு எச்சரிக்கை

இவ்வளவு செஞ்சும் சில ஸ்வரத்துல பெட்டி உளறிச்சு. பார்த்தா தந்தி பூரா துரு! கடலோரத்துல உப்புக் காத்து ஸ்டீல் தந்தியை ஒரு மாசத்துல தின்னுடும். துருப்பிடிச்ச தந்தி சீரா அதிராது. சீரா அதிராத ஸ்வரத்தைப் பெட்டியால கண்டுபிடிக்க முடியாது. வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த துணியால தந்தியைத் துடைங்க, கிடாரைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடுங்க. கச்சேரிக்கு ரெண்டு நாள் முன்னாடி புதுத் தந்தி. பெரிய பெட்டி வாங்கறதைவிட இது பெரிய முன்னேற்றம்.

கனமான தந்திகள்லயும் பெட்டி திணறும். கீழ் இ தந்தி செகண்டுக்கு 82 தடவைதான் அதிருது. ஒரு அதிர்வு முடியவே 12 மில்லிசெகண்ட். ஒண்ணு ரெண்டு அதிர்வாவது பார்த்தாத்தானே இது என்ன ஸ்வரம்னு அதுக்குத் தெரியும்? மேல் இ தந்தி 330 தடவை, மூணு மில்லிசெகண்ட்ல ஒரு அதிர்வு. அதனால ஹார்மனி பிட்டை மேல் மூணு தந்தியில வச்சுக்குங்க. கழுத்துப் பக்கத்து பிக்கப், டோன் குமிழ் பாதி, ஒரு நேரத்துல ஒரே தந்தி, மத்ததை உள்ளங்கையால அமுக்கணும். ரெண்டு தந்தி சேர்ந்து ஒலிச்சா பெட்டிக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.

கரன்ட் விஷயம் ஒண்ணு. அடாப்டர் தொலைஞ்சுதுன்னு ரேடியோ அடாப்டரை மாட்டாதீங்க. பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். திருப்பிக் குடுத்தா பெட்டியே போயிடலாம்.

கடைசியா, எப்ப அமுக்கறது? இதுல நான் கொஞ்சம் கறார். பாட்டு பூரா ஹார்மனி போட்டா ரெண்டாவது நிமிஷமே காது அதைச் சட்டை பண்ணாது. ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்து ‘இளைய நிலா’ கிடாரைக் கத்துக்க ஆசைப்படாத காலேஜ் பையன் இருக்கானா? அது மேல போய் ஹார்மனைசரைப் போடறவனை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க. எட்டு பார், மிஞ்சிப்போனா பதினாறு. ஒரு தடவை வந்துட்டுப் போயிடணும்.

நண்பன் அந்த மோகனம் பிட்டை மூணு வாரம் ப்ராக்டிஸ் பண்ணினான். ஹார்மனி 20 மில்லிசெகண்ட் லேட், நாலு சென்ட் கம்மி, சத்தம் முக்கால். பேட்சுக்குப் பேர் வைக்கச் சொல்லிப் பெட்டி கேட்டப்ப, ஓசூர் போனவனைக் கூப்பிடற ‘மாப்ள’ன்னே வச்சான். ஒருநாள் சாயங்காலம் அவங்கம்மா உள்ளே இருந்து, “ஏம்ப்பா, அந்தத் தம்பி எப்ப வந்துச்சு?”ன்னு கேட்டாங்களாம். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் பண்ணிக் கத்தினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், லீவு கிடைச்சு மாப்ள நிஜமாவே வந்துட்டான். அஞ்சு வாரமா கிடாரைத் தொடலை. விரல் நுனியெல்லாம் இளகிப்போயிருக்கு. ஒரே ஒரு தடவை ஒத்திகை. மேடையில கடைசி பிட் வந்ததும் நண்பன் பெட்டியைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பெடலை அமுக்காமலே ஆரம்பிச்சுட்டான். ரெண்டு இடத்துல அவன் தப்பா வாசிச்சான். லேட்டு வேற... என் காது கணக்குப்படி அறுபது மில்லிசெகண்டுக்குக் குறையாது.

ஜனவரி 2-ம் தேதி மாப்ள ஓசூருக்கு பஸ் ஏறினான். பெட்டியில ‘மாப்ள’ பேட்ச் இன்னும் இருக்கு. டிலேயை மட்டும் 20-ல இருந்து 30 ஆக்கி வச்சிருக்கான் நண்பன்.